வழக்கறிஞர் பொதுமக்களுக்காகச் சட்டம் எழுதுவது: எதற்காக, எப்படி

செக் திரும்பி நாற்பது நாள் ஆன பிறகு ஒருவர் வக்கீலைத் தேடி வருகிறார். முப்பது நாளுக்குள் நோட்டீஸ் போயிருக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இன்னொருவர் மீது எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு (ஆஜராகாததால் அவர் இல்லாமலே சொன்ன தீர்ப்பு) ஆகி எட்டு மாதம். ஜப்திக்கு நீதிமன்ற அமீனா வந்து நின்ற பிறகுதான் முன்பு வாங்கி வைத்த சம்மன் ஞாபகத்துக்கு வருகிறது. மூன்றாமவர் கையில் ஒரு புரோநோட்டு (கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்த சீட்டு). அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று வருஷம் முடிந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. மூவரிடமும் வக்கீல் சொல்வது ஒரே வார்த்தைதான்: "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

பொதுமக்களுக்காகச் சட்டம் எழுத உட்காரும் வழக்கறிஞருக்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. நேரத்தோடு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய வழக்குகள் காலக்கெடுவில் போகின்றன. அந்தக் கெடு சட்டப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கிறது. தெரிய வேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை. அதைக் கொண்டு சேர்ப்பதுதான் வேலை. இந்தியாவில் பதிவு செய்து தொழில் செய்யும் வழக்கறிஞர்களை மனதில் வைத்து இந்தக் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன.

காரணத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

எழுத நினைப்பவர்களுக்கு வேறு காரணங்களும் இருக்கும். பெயர் தெரிய வேண்டும், வழக்கு வர வேண்டும், படித்ததை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிக் காரணம் மெய்யாகவே பலன் தரும். ஒரு பிரிவைச் சட்டம் தெரியாதவருக்குப் புரியும்படி எழுதிப் பார்த்தால், அதில் நமக்கே எது தெளிவில்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இளம் வழக்கறிஞர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி குறைவு.

வழக்கு வர வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதினால் இரண்டு கேடு. ஒன்று, எழுத்தே பாழாகிவிடும். வாசகரை அலுவலகத்துக்கு வரவழைக்க நினைப்பவர் பதிலைப் பாதியில் நிறுத்துவார். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் "தகுந்த வழக்கறிஞரை அணுகவும்" என்று எழுதுவார். தகவல் அறியும் உரிமை மனுவுக்கு வக்கீல் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார்தாரர் தானே வாதாடலாம். இவற்றை இருக்கிறபடி எழுத அவருக்கு மனம் வராது. இரண்டாவது கேடு, வழக்கறிஞர் விளம்பரம் செய்வதைத் தடுக்கும் விதி 36.

எழுதி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். உங்களை ஒருநாளும் சந்திக்கப் போகாத, உங்களுக்கு வழக்கே தரப் போகாத ஒருவர் இதைப் படித்துவிட்டு நாளைக்கு ஒரு காரியத்தைச் சரியாகச் செய்ய முடியுமா? முடியும் என்றால் வெளியிடுங்கள்.

விதி 36 எதைத் தடுக்கிறது

வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்கவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்கிறது, வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி 36. சுற்றறிக்கை, தரகர், தான் நடத்தும் வழக்கு பற்றிப் பத்திரிகையில் கருத்து வரவழைப்பது, அந்த வழக்கோடு சேர்த்துத் தன் படத்தை வெளியிடச் செய்வது எல்லாமே இதில் அடங்கும். 2008-ல் செய்த திருத்தம் இணையத்தில் சில விவரங்களைத் தர அனுமதித்தது: பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், பதிவு எண்ணும் தேதியும், எந்த மாநில பார் கவுன்சில், எந்தச் சங்கம், கல்வித் தகுதி, எந்தத் துறையில் தொழில். அதைத் தாண்டி அனுமதி இல்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத்தின் வழியாக வழக்கறிஞர்கள் வேலை தேடுவதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. மீறினால் வழக்கறிஞர்கள் சட்டம், 1961-ன் 35-வது பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை வரும். கண்டனத்திலிருந்து பதிவுப் பட்டியலில் பெயரை நீக்குவது வரை போகலாம்.

சட்டத்தை விளக்கி எழுதுவதை இந்த விதி தடுக்கவில்லை. சிக்கல் ஓரங்களில் வருகிறது. கட்டுரையின் கீழே "இலவச ஆலோசனைக்கு அழைக்கவும்" என்று ஒரு வரி, "நாங்கள் ஜாமீன் பெற்றுத் தந்த வழக்குகள்" என்று ஒரு பட்டியல், கட்சிக்காரர் (வழக்கை நம்மிடம் ஒப்படைத்தவர்) பாராட்டிய கடிதம், நீதிமன்ற வாசலில் அங்கியோடு எடுத்த படம். இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் விளக்கம் விளம்பரமாகிவிடும். அடியில் பெயரும் பதிவு எண்ணும் போதும். சீனியரிடம் ஜூனியராக இருப்பவர்கள் எழுதத் தொடங்குவதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். அந்த அலுவலகத்தின் வழக்கு எதையும் தொடுவதில்லை என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

எதை எழுதுவது

பலர் நேற்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து தொடங்குகிறார்கள். அதைச் செய்தித்தாள்கள் எழுதிவிடும், உங்களைவிட வேகமாக. நீங்கள் எழுத வேண்டியது கேட்கப்படும் கேள்விகளை. மூன்று மாதம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: அலுவலகத்தில், ரயிலில், கல்யாண வீட்டில் ஆட்கள் உங்களிடம் கேட்டதை, அவர்கள் கேட்ட அதே வார்த்தைகளில். ஒரே கேள்வி மூன்றாவது முறை வந்தால் அதுவே முதல் கட்டுரை.

அந்தப் பட்டியலிலும் கெடு உள்ளவற்றுக்கே முன்னுரிமை கொடுங்கள். கேட்டவுடன் கொடுப்பதாக எழுதிய புரோநோட்டுக்கு மூன்று வருஷம் நோட்டில் உள்ள தேதியிலிருந்து ஓடுகிறது, பணம் கேட்ட நாளிலிருந்து இல்லை. இதைத் தெரியாமல் உறவுக்காரரிடம் காத்திருந்து ஏமாறுபவர்கள் ஏராளம். காலம் முடியும் முன்பே கடன்காரரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் தீர்ப்பு தெரிய வந்த நாளிலிருந்து 30 நாள். நுகர்வோர் புகாருக்கு 2 வருஷம். பணியிடப் பாலியல் தொல்லை பற்றிப் புகார் தர 3 மாதம். தகுந்த காரணம் இருந்தால் புகாரை விசாரிக்கும் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். தகவல் அறியும் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்குத் தாங்கும்.

ஒரு கட்டுரையை எப்படி எழுதுவது

ஒரு கட்டுரைக்கு ஒரே கேள்வி. 600 முதல் 900 சொல்லுக்குள் நிற்கட்டும். முதல் இரண்டு வாக்கியத்தில் பதில் வந்துவிட வேண்டும். சட்டத்தின் வரலாறு தேவைப்பட்டால் கடைசியில் வரட்டும். பயத்தோடு படிப்பவருக்கு, செக்கைப் பற்றிய 1881-ம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கம் என்ன என்பது அந்த நேரத்தில் முக்கியமில்லை.

செக் வழக்கையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் வரி இப்படி இருக்கும்: "காசோலை அவமதிக்கப்பட்டதாக வங்கியிடமிருந்து தகவல் பெறப்பட்ட தினத்திலிருந்து முப்பது தினங்களுக்குள் எழுத்துமூலமான கோரிக்கை அறிவிப்பு வழங்கப்பட்டிருத்தல் வேண்டும்." பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எந்த நாளிலிருந்து எண்ணுவது, நோட்டீஸ் அனுப்பினால் போதுமா அல்லது போய்ச் சேர வேண்டுமா, அதன் பிறகு எத்தனை நாள் என்று படித்தவர் மறுபடி யாரையாவது கேட்டாக வேண்டும். அதையே இப்படி எழுதலாம்:

"பேங்க் ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதைச் சொல்லும் சீட்டு) உங்கள் கைக்கு வந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அது மார்ச் 4 என்றால், மார்ச் 5-லிருந்து எண்ண வேண்டும். முப்பதாவது நாள் ஏப்ரல் 3. அதற்குள் ரசீது கிடைக்கும் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட வேண்டும். எதிராளிக்கு அது ஏப்ரல் 7 அன்று கிடைத்தால், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதாவது ஏப்ரல் 22 வரை. கட்டவில்லை என்றால் ஏப்ரல் 23 அன்று வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கிறது. அந்த நாளைக் கழித்து ஒரு மாதம், மே 23-க்குள், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் தாக்கலாக வேண்டும். கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்."

தேதி போட்டுக் காட்டுவது வாசகரை மதிப்பது. நாள் கணக்கில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். அந்த இடத்தில் உதாரணம் இல்லாத கட்டுரை உதவாது.

அடுத்து, கெடு தவறியவருக்கான பத்தி. பெரும்பாலான கட்டுரைகளில் இது இருப்பதே இல்லை, அதைத் தேடி வருபவர்களே அதிகம். நோட்டீஸுக்கான 30 நாள் தவறினால் அந்தத் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்க வழியில்லை. ஆனால் செக்கின் மூன்று மாத ஆயுள் முடியவில்லை என்றால் மறுபடி பேங்கில் போடலாம்; மறுபடி திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்கும். எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. புகார் தாக்கலுக்கான ஒரு மாதம் தவறினால் கதை வேறு: போதுமான காரணம் காட்டினால் நீதிமன்றம் ஏற்கலாம். இரண்டு கெடுவுக்கும் உள்ள இந்த வேறுபாடு தெரியாமல் "எல்லாம் முடிந்துவிட்டது" என்று உட்கார்ந்துவிடுபவர்கள் உண்டு. செக் வழக்கு போனாலும், கடனுக்கான காலவரையறை முடியாதவரை சிவில் வழக்கு போட்டுப் பணம் கேட்கலாம் என்பதையும் எழுதுங்கள்.

பிறகு, கையில் என்னென்ன காகிதம் இருக்க வேண்டும்: செக், ரிட்டர்ன் மெமோ, நோட்டீஸ் நகல், தபால் ரசீது, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை அல்லது திரும்பி வந்த உறை. உறை திரும்பி வந்தால் பிரிக்காமல் வைத்திருக்கும்படி சொல்லுங்கள். இப்படிப்பட்ட சிறிய விஷயம் வழக்கறிஞருக்குப் பழக்கத்தில் தெரியும் என்பதால் எழுத்தில் விட்டுப்போகும்.

தலைப்பில் நடக்கும் தவறு

"தந்தை சொத்தில் மகளுக்குச் சம பங்கு" என்று தலைப்புப் போட்டுவிட்டால் ஆயிரம் பேர் படிப்பார்கள். அவர்களில் பலர் தவறாகப் புரிந்துகொண்டு குடும்பத்தில் சண்டைக்கு நிற்பார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் பேசுவது இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தைப் பற்றி. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்த அந்த 2005 தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றது. அதுவும் பூர்வீகச் சொத்துக்குத்தான். தந்தை தானே சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஆகவே பதிலுக்கு முன் வாசகரிடம் கேள்விகள் கேட்டாக வேண்டும். சொத்து பூர்வீகமா, சுயசம்பாத்தியமா? உயில் இருக்கிறதா? 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ நீதிமன்றத் தீர்ப்பாணை மூலமாகவோ பாகம் பிரிந்துவிட்டதா? தமிழ்நாட்டில் இன்னொரு அடுக்கும் உண்டு. மாநிலத் திருத்தம் 1989 மார்ச் 25 முதலே மகள்களுக்குப் பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. இந்த மாதிரி விஷயத்தில் "ஆம்" என்ற ஒற்றைப் பதிலைவிட, எந்த நிலையில் எந்தப் பதில் என்று பிரித்துக் காட்டுவது நேர்மை.

மாநிலத் திருத்தம் தனியாகத் தேட வேண்டியது. மத்தியச் சட்டத்தின் பொதுப் பிரதியில் அது இல்லாமல் போகலாம். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் சேர்த்த 7-ஏ பிரிவைப் பார்க்காமல், புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைப் பற்றி எழுதினால் பதில் முற்றிலும் தவறாகிவிடும்.

எடுத்துக்காட்டும் தீர்ப்புகள்

மேற்கோள் காட்டும் ஒவ்வொரு தீர்ப்பையும் திறந்து, சொன்ன விஷயம் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று பார்த்த பிறகே எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவு தரும் வழக்குப் பெயர்களை அப்படியே எடுப்பது ஆபத்து. இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்காக 2023-ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தீர்ப்பின் மூலத்தை வெளியிடப் பதிப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சட்ட இதழ்கள் தீர்ப்பின் மேலே சுருக்கமாக எழுதிச் சேர்க்கும் தலைக்குறிப்புகள் அவர்களுடையவை. அவற்றை நகலெடுக்க வேண்டாம். உச்ச நீதிமன்றம் வெளியிடும் தமிழ் மொழிபெயர்ப்புகள் படிக்க உதவும், ஆனால் செல்லுபடியாவது ஆங்கில மூலமே. மேற்கோள் காட்டும் வரியை மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

எழுதக் கூடாதவை

கட்சிக்காரர் சொன்னது அவருடைய அனுமதி இல்லாமல் வெளியே போகக் கூடாது. பாரதிய சாக்ஷிய அதிநியமின் (புதிய சாட்சியச் சட்டம்) 132-வது பிரிவு இதைச் சொல்கிறது. வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கடமை தொடர்கிறது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஊரையும் தொழிலையும் தொகையையும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவே போதும். உதாரணம் வேண்டுமென்றால் வெளியான தீர்ப்பிலிருந்து எடுங்கள், அல்லது கற்பனை என்று சொல்லிவிட்டு எழுதுங்கள்.

வெளியான தீர்ப்பிலும் கவனம் தேவை. பாலியல் வன்முறைக்கு ஆளானவரை அடையாளம் காட்டுவது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் குற்றம். குழந்தைகள் விஷயத்தில், அவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் இருக்கின்றன. இந்து திருமணச் சட்ட வழக்குகளின் நடவடிக்கைகளை வெளியிட 22-வது பிரிவு தடை போடுகிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை முன் அனுமதியோடு அச்சிடுவதற்கு மட்டும் விலக்கு. விவாகரத்து பற்றி எழுதுபவர்கள் பலர் இந்தப் பிரிவைப் பார்த்ததே இல்லை என்பது வருத்தம்.

முடிந்துபோன வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்கிறது நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971-ன் 5-வது பிரிவு. தீர்ப்பின் காரணங்களை மறுத்து எழுதுங்கள், நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிக்காதீர்கள். நீங்கள் ஆஜராகும் வழக்கைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

வாசகர் தன் வழக்கைக் கேட்டால்

கட்டுரை வந்த வாரத்திலேயே யாராவது தன் கதையை நான்கு வரியில் எழுதி "எனக்கு என்ன தீர்வு?" என்று கேட்பார். பாதித் தகவலில் சொல்லும் பதில் அவரைப் படுகுழியில் தள்ளும். போதாக்குறைக்கு, வழக்குத் தொடர்பாக ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சிலின் விதி 33. கேட்டவரின் எதிராளி ஏற்கெனவே உங்கள் கட்சிக்காரராக இருக்கலாம்.

அதற்காகப் பதில் சொல்லாமல் விட வேண்டியதில்லை. பொதுவான கெடு எத்தனை நாள் என்பதையும், எந்தக் காகிதத்தோடு யாரைப் பார்ப்பது என்பதையும் சொல்லலாம். கையில் பணம் இல்லாதவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் காட்டுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். தேசிய உதவி எண் 15100. இந்த எண் ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் இருக்கட்டும்.

பழையதாகிப் போகும் கட்டுரை

சட்டக் கட்டுரை எழுதி முடித்த நாளிலிருந்தே பழையதாகத் தொடங்குகிறது. செக் வழக்கை எங்கே போடுவது என்பதற்கு 2014 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் செக் கொடுத்தவரின் வங்கி இருக்கும் இடம் என்றது. 2015 ஜூனில் வந்த திருத்தம் அதை மாற்றி, பணம் பெற வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளைக்குக் கொண்டுபோனது. நடுவில் எழுதப்பட்டவை ஒரு வருஷத்துக்குள் தவறான வழிகாட்டிகளாகிவிட்டன. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு 2015 மார்ச்சில் ரத்தான பிறகும் அதில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. செத்த பிரிவு எழுத்தில் உயிரோடு இருந்தால் இதற்கு நாமும் உடந்தை.

கட்டுரையின் தலையில், அடியில் அல்ல, "இது இந்தத் தேதி நிலவரம்" என்று தேதியோடு போடுங்கள். எந்தக் கட்டுரை எந்தப் பிரிவை நம்பியிருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மாற்றம் இருந்தால் ஓசைப்படாமல் திருத்தாதீர்கள். என்ன மாறியது, எந்த நாளிலிருந்து என்று மேலேயே எழுதுங்கள். பழைய வரியை நம்பி ஏற்கெனவே நடந்துகொண்டவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழையதை அழிப்பதும் எப்போதும் சரியில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குத் தண்டனை பழைய 302-வது பிரிவிலிருந்து புதிய 103-க்குப் போய்விட்டது, புதிய 302 மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சைப் பற்றியது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் இந்தியத் தண்டனைச் சட்டம்தான். அந்த வழக்குகள் இன்னும் பல வருஷம் நடக்கும். எனவே பழைய கட்டுரை இருக்கட்டும்; முதல் வரியில் "2024 ஜூன் 30 வரை நடந்த சம்பவங்களுக்கு மட்டும்" என்று போட்டு, புதியதற்குத் தனியாக எழுதி, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுங்கள்.